இரண்டாவதாக வந்த தீவு

நண்டுப்பாடு என்ற ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும், அந்த வருசத்துப் பாய்மரப் போட்டியில் முதலாவதாக வந்தது எந்தப் படகு என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். இரண்டாவதாக வந்தது குருவித்திட்டு என்பதை யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். குருவித்திட்டு என்பது படகின் பெயரில்லை. கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கிடந்த ஒரு மணல்தீவு அது. நடுவில் ஒரு உடைமரம், மரத்தடியில் படர்ந்த அடம்பங்கொடி, கொடிக்குள் ஓடித் திரியும் உள்ளான் குருவிகள், அவ்வளவுதான் அதன் சொத்து. அன்றைக்குப் படகுகளெல்லாம் தன்னைக் கடந்து போனபோது அதுவும் அவற்றோடு கிளம்பி, அவற்றோடு சேர்ந்து கடலில் போட்டிருந்த எல்லை மிதவையைச் சுற்றி, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கரை சேர்ந்தது. அப்படி வந்ததில் ஊரில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை, களஞ்சியத்தைத் தவிர. களஞ்சியம்தான் மூன்றாவதாக வந்தவன்.

மூன்றாவதாக வருவது களஞ்சியத்துக்குப் புதிதில்லை. சுக்கான் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து மாசி மாதம் பிறந்தால் மூன்றாவதாக வருவதே அவனுக்கு வழக்கமாகிவிட்டது. முதல் பரிசு கிடாய், இரண்டாம் பரிசு அண்டா, மூன்றாம் பரிசு சுவர்க்கடிகாரம் என்று யார் எப்போது முடிவு செய்தார்களோ தெரியாது, அவன் வீட்டுக்குள் நுழைந்தால் நாலு பக்கமும் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டும். அவன் மனைவி பூரணம் மணி தெரியவேண்டுமென்றால் வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்துக்கொள்வாள்.

இந்த வருசம் போட்டிக்குப் பெயர் கொடுத்த நாளில், டீக்கடை வாசலில் அத்தனை பேரும் நின்றிருக்க, மேலமுனையிலிருந்து படகு கொண்டுவரும் அருளானந்து கேட்டான்: "என்ன மச்சான், வீட்டுல இன்னுஞ் சுவரு மிச்சம் இருக்கா, இல்ல கூரையில மாட்டப்போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். களஞ்சியமும் சிரித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வருசமும் மூணாவதுன்னா கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிருவேன். சுக்கானைத் தொட மாட்டேன்" என்றான். சொன்னதை அத்தனை பேரும் கேட்டார்கள். அவன் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் சொல் அவனுக்கு முன்னால் வீடு சேர்ந்திருந்தது. பூரணம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள், அண்ணன் மேஸ்திரியிடம் பேசியிருந்தான், மேஸ்திரி ஆகட்டும் என்றிருந்தான்.

"விளையாட்டுக்குச் சொன்னேன் புள்ள."

"அத்தனை பேரு முன்னாடி விளையாடுவீகளோ? அங்க சனிக்கிழமையானா சம்பளம். இங்க மீனு மனசு வச்சாத்தான் உலை. நான் ஒன்னும் போகச் சொல்லல. நீங்க சொன்னீக, நான் பொட்டி கட்டுறேன்."

களஞ்சியம் ஒருதரம் திருப்பூர் போய் மச்சினன் அறையில் தங்கியிருக்கிறான். அன்றிரவெல்லாம் அவனுக்குத் தூக்கமில்லை. கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல், வடக்கேயிருந்து வந்தால் வாடை, தெற்கேயிருந்து வந்தால் சோளகம் என்று ஒவ்வொரு காற்றையும் அவன் பெயர் சொல்லி அறிந்தவன். அந்த அறையில் காற்று நேர் மேலிருந்து, ஒரே சீராக, வயரில் தொங்கிக்கொண்டு வந்தது. மேலிருந்து வரும் காற்றுக்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றின் கீழே மிச்ச ஆயுசையும் படுத்துக் கழிக்க அவனால் முடியாது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். நண்டுப்பாட்டில் சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு அதே டீக்கடையில் டீ குடித்த ஆண்பிள்ளை யாருமில்லை.

இப்படியாக அவன் போட்டியன்றைக்கு ஓடினான், ஓடி, முன்னால் போன ஒரே படகின் பின்னால், ரெண்டாவதாக, கரை தெரிய வந்துகொண்டிருந்தபோதுதான், வலது கைப்பக்கம் அலை கலங்குகிறதே என்று திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் குருவித்திட்டு. உடைமரம் காற்றை வாங்கிப் புடைத்திருந்தது. அடிமணல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. படகில் இருந்த ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சித்தப்பா, திட்டு முந்துது" என்றான் நம்புவேல். களஞ்சியத்தின் அண்ணன் மகன், பாய்க்கயிறு பிடிப்பவன்.

"பாயை இறுக்கு" என்றான் களஞ்சியம். வேறென்ன சொல்வான்.

இறுக்கியும் பயனில்லை. தீவு ஒரு முழம் முன்னால் முடிவுக்கோட்டைத் தாண்டி, கரை மணலில் முட்டி நின்றது.

போட்டிக் குழுத் தலைவர் நைனா மரைக்காயர். ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், வருசாவருசம் கிடாய் கொடுப்பவரும் அவரே. கோட்டுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் எழுந்து வந்து தீவை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு களஞ்சியத்தைக் கூப்பிட்டார்.

"மாமா, அது படகில்ல" என்றான் களஞ்சியம்.

"படகில்லைன்னு எனக்குக் கண்ணு தெரியாதா மாப்ளே. உன்னைய முந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு."

களஞ்சியம் தண்ணீரைப் பார்த்தான். "முந்துச்சு. ஒரு முழம்."

அவனுக்காகப் பேச அருளானந்து வந்தான். தீவைக் கணக்கில் சேர்த்தால் அவன் நாலாவது, சேர்க்காவிட்டால் மூன்றாவது. அதனால் அன்றைக்கு மட்டும் களஞ்சியத்துக்கு அவனைவிட நல்ல வக்கீல் கிடையாது. "கரையில இருந்து கிளம்பவேயில்லையே மரைக்கா. நடுவழியில ஏறுனவனுக்கு டிக்கெட் உண்டா?"

"பஸ்ல உண்டு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"படகுக்கு ஆறு ஆளு வேணும். இதுல ஆளு எங்க?"

குருவிகளை எண்ணினார்கள். ஆறுக்கு மேலேயே இருந்தன. கூடுதலாக ஆள் ஏற்றியதற்காகத் தள்ளிவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. எடை பார்த்தால் எல்லாக் குருவியும் சேர்ந்து ஒரு ஆள்கூட வராது என்று இன்னொரு பேச்சு வந்தது. பாய் இல்லையே என்றார்கள், மரம் இருக்கிறதே என்றார்கள். ஒரு தீவு எப்படி ஓடி வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது வந்து நிற்கிறது, அதன் நிழலில் ஏற்கெனவே இரண்டு பேர் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், இனி அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது.

கடைசியில் மரைக்காயர் சொன்னார்: "வார வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்ச பின்னால, ரெண்டு பேரும் மட்டும் மறுபடி ஓடுங்க. ரெண்டு பேரும் கரையிலருந்தே கிளம்பணும். முன்னாடி வாரவுக ரெண்டாவது. பின்னாடி வாரவுக மூணாவது."

"திட்டுக்கிட்ட யாரு சொல்றது?"

"நாஞ் சொல்றேன்." கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், தீவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தார்.

"என்ன சொல்லுச்சு?"

"ஒன்னும் பேசல. நிக்காஹ்ல பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னுதானே எடுத்துக்கிறோம்."

அந்த வாரம் முழுக்கக் குருவித்திட்டு நண்டுப்பாட்டுக் கரையில் முட்டிக்கொண்டு நின்றது. ஊர் அதைச் சுற்றி நடந்து பழகிக்கொண்டது. ஷேர் ஆட்டோக்காரர்கள் பள்ளிவாசல் நிறுத்தத்துக்கு அடுத்து 'திட்டு' என்று ஒரு நிறுத்தம் கூவினார்கள். ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆடுகள் அடம்பங்கொடியைக் கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. கலியாணம் முடிந்த ஒரு சோடி பட்டுச்சேலையும் மாலையுமாக அதில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. மேலமுனைக்காரர்கள் வந்து, திட்டு கிடந்தது எங்கள் ஊர்க் கடலில், அண்டா கிடைத்தால் எங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அரசாங்கத்திலிருந்து ஒருவர் வரைபடத்தோடு வந்தார். வரைபடத்தில் தீவு கடலுக்குள்ளே இருந்தது. அதனால் இங்கே நிற்பது தீவு இல்லை, தீவு இல்லாத ஒன்றைப் பற்றித் தனக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று விளக்கி, ஒரு இளநீர் குடித்துவிட்டு, அவரும் போனார்.

பூரணம் அதில் கருவாடு காயவைத்தாள். சுத்தமான மணல், நாய்த் தொந்தரவு கிடையாது. பிடித்து வந்ததெல்லாம் திருப்பூருக்குப் போவதற்குள் காய்ந்து தீரவேண்டுமே என்று அவள் கவலை அவளுக்கு. களஞ்சியம் கரையில் நின்றபடி, தன்னைத் தோற்கடித்ததன் மேல் தன் பெண்டாட்டி காரப்பொடி மீனையும் நெத்திலியையும் பரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"உங்களுக்கும் இதுக்கும்தான் போட்டி. எனக்கும் இதுக்கும் என்ன?" பூரணம் குனிந்தபடியே மீனைத் திருப்பிப் போட்டாள். "நான் கலியாணமாகி வந்த புதுசுல இதுக்கு நம்ம படகுல வந்தோம்ல, சுத்தி வரவே காலு வலிச்சுச்சு. இப்ப நாலு எட்டு வச்சா தண்ணி. வயசானா இதுவும் சுருங்குமோ என்னமோ."

அது வயதால் சுருங்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த காரியம், தெரிந்ததாலேயே யாரும் நினைத்துப் பார்க்காத காரியம். போட்டிக்குப் போகும் படகில் மணல் மூட்டை ஏற்றவேண்டும். மிதவை வரைக்கும் கொண்டல் எதிரே நிற்கும், படகு சரியாமல் இருக்கப் பாரம் வேண்டும். மிதவையைச் சுற்றித் திரும்பிவிட்டால் அதே கொண்டல் முதுகைத் தள்ளும், அப்போது மணல் வீண் சுமை. அதனால் திரும்பும் வழியில், பள்ளிவாசல் மினாராவின் உச்சி கண்ணில் பட்டதும், எல்லாப் படகிலும் மூட்டையை அவிழ்த்து மணலைக் கடலில் கொட்டிவிடுவார்கள். அந்த மணலைச் சொந்தக் கரையில் அள்ளக்கூடாது. அள்ளினால் ஊர் கரைந்துபோகும் என்று நண்டுப்பாட்டிலும் பயம், மேலமுனையிலும் பயம், சுற்றுவட்டாரத்தில் பாய் கட்டுகிற ஊர் அத்தனையிலும் அதே பயம். கேட்க ஆளில்லாத மணல் குருவித்திட்டில்தான் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் எல்லாரும் அங்கே போய் அள்ளி வருவார்கள், மறுநாள் எல்லாரும் சேற்றுக் கடலில் கொட்டி வருவார்கள். இப்படியே வருசங்கள் போயின.

வெள்ளிக்கிழமை காலையில் களஞ்சியமும் அவன் ஆட்களும் மூட்டைகளை எடுத்துக்கொண்டு மணல் அள்ளக் கிளம்பினார்கள். எங்கே அள்ளுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கால் நேரே குருவித்திட்டுக்குப் போனது. எதிராளி மேல் ஏறி நின்று, எதிராளியையே அள்ளி மூட்டை கட்டி, தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். நம்புவேல் மட்டும் இறங்கும்போது, "வாரோம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தான். கொள்ளையடித்த வீட்டில் விருந்தாளிபோல விடைபெற்றதாக இருந்தது அது, என்றாலும் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜும்மா முடிந்து மரைக்காயர் கொடியசைத்தார். கரையில் இரண்டு ஊரும் நின்றன. பூரணம் கோட்டுக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டிகள் வீட்டில் கட்டித் தயாராக இருந்தன.

போகும் வழியில் களஞ்சியம் நன்றாகவே ஓடினான். எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏறுவதற்குக் கை வேண்டும், அவனுக்குக் கை இருந்தது. தீவுக்கு வளைய வரவில்லை, அது காற்றோடு முட்டிக்கொண்டு, நின்று நின்று, ஒரு கிழட்டு மாடு வருவதுபோல வந்தது. மிதவையை அவன் முதலில் சுற்றினான். சுற்றித் திரும்பியதும் கொண்டல் முதுகில் விழுந்தது. அவன் பாயிலும் விழுந்தது, உடைமரத்திலும் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் தீவு பக்கத்தில் வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அதன் முனை படகின் முன்பக்க அணியத்தைத் தாண்டியது. போன வாரத்தைவிட வேகமாக ஓடியது அது, பஞ்சுபோல ஓடியது, தண்ணீரில் பட்டும் படாமலும் ஓடியது.

காற்று தணியத் தொடங்கியது. தணிந்தும் தீவின் வேகம் தணியவில்லை.

மினாராவின் உச்சி தெரிந்ததும் நம்புவேல் முதல் மூட்டையை அவிழ்த்துப் படகின் விளிம்பில் வைத்தான். "கொட்டவா சித்தப்பா?"

களஞ்சியத்துக்குத் தெரிந்தது: கொட்டினாலும் இதைப் பிடிக்க முடியாது. கொட்டுகிற கை வருசமெல்லாம் அள்ளிக் கொட்டிய கைதான், அதனால் லேசாகித்தான் திட்டும் ஓடுகிறது. இன்றைக்குக் காலையில் அள்ளியதால் இன்னும் லேசாகி இன்னும் வேகமாகப் போகிறது. அவன் முன்னால் தீவு போய்க்கொண்டிருந்தது, தீவுக்கு முன்னால் கரை இருந்தது, கரைக்குப் பின்னால் திருப்பூர் இருந்தது. மேலிருந்து வரும் காற்று அவன் தலைக்கு மேலே சுற்றத் தொடங்கிவிட்டது.

அவன் சுக்கானைத் திருப்பிப் படகைத் தீவின் விலாவோடு ஒட்டினான். அடம்பங்கொடி படகில் உரசியது.

"அங்க கொட்டு."

"எங்க?"

"அது மேலயே கொட்டு."

நம்புவேல் அவனைப் பார்த்தான். "அதுக்குக் குடுத்தா அது பெருசாயிருமே சித்தப்பா."

"பெருசானா கனக்கும்ல. கொட்டுடா."

கொட்டினார்கள். மூட்டை மூட்டையாக, விளிம்பில் நின்று, ஆறு பேரில் சுக்கானை விடமுடியாத ஒருத்தனைத் தவிர ஐந்து பேரும் கொட்டினார்கள். குருவிகள் எழும்பி, வட்டமடித்து, மறுபடி வந்து புது மணலில் உட்கார்ந்தன. முதல் மூட்டைக்குத் தீவு எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு அதன் முனை அணியத்துக்கு நேரே வந்தது, அணியத்துக்குப் பின்னே போனது. கடைசி மூட்டையை உதறியபோது, வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தவர்கள் உட்கார இடம் கிடைத்ததும் விடுகிற மூச்சுபோல ஒரு சத்தம் வந்தது, அடி மண் சேற்றில் பதிந்தது, குருவித்திட்டு நின்றது. உடைமரத்தில் காற்று அடித்தது, மரம் ஆடியது, தீவு ஆடவில்லை.

களஞ்சியம் கரைக்கு வந்தபோது கைதட்ட ஆளில்லை. ஊர் முழுக்கத் தண்ணீரில் இறங்கி, கூப்பிடு தூரத்தில் நின்றுபோன திட்டைப் பார்க்கப் போயிருந்தது. கோட்டருகே மரைக்காயரும் பூரணமும் மட்டும் இருந்தார்கள். அருளானந்து ஓடிவந்தான், இன்றைக்கு வக்கீலாக வரவில்லை, களஞ்சியத்தைத் தள்ளிவிட்டால் இரண்டாவது அவன்தான்.

"எதிராளி மேல பாரம் ஏத்துறது செல்லாது மரைக்கா. உலகத்துல எங்கயும் செல்லாது."

"பாரம் ஏத்தல" என்றான் களஞ்சியம், படகைவிட்டு இறங்காமலே. "அவுக மண்ணை அவுககிட்டக் குடுத்தேன்."

அதுவரை அது என்று சொல்லிவந்ததை அவுக என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை, மரைக்காயர் கவனித்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மணலைக் கடல்லதான் கொட்டணும்னு நம்ம பேசிவைக்கலையேப்பா. அது பழக்கம். திட்டு கோட்டுக்கு வரல, அதனால அது போட்டியிலயே இல்ல. களஞ்சியம் ரெண்டாவது. மூணாவது நீ. இந்தா கடிகாரம்."

அருளானந்து கடிகாரத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்தான்.

பூரணம் அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், களஞ்சியம் பின்னால் நடந்தான். வீட்டுக்கு வந்து பெட்டிகளைப் பார்த்தாள், கொஞ்சநேரம் பார்த்தாள், கயிற்றை அவிழ்த்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துரச் சொல்லு. இவுக ரெண்டாவது வந்துட்டாக."

அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ கேட்டான்.

"எத்தனை பேரு ஓடுனாகன்னா? அதெல்லாம் நல்ல கூட்டம்ண்ணே" என்றாள். போனை வைத்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள். "சனிக்கிழமைச் சம்பளத்தைக் கனாவுல பாத்துக்கிறேன். வலையைக் கொண்டுபோய் வெயில்ல போடுங்க. நாளைக்கு வெறுங்கையோட வந்தீகன்னா வாசல்ல நிக்கவேண்டியதுதான்."

அதற்குப் பிறகு குருவித்திட்டு நகரவில்லை. படகுகள் அதைச் சுற்றிக்கொண்டுதான் கரைக்கு வரவேண்டும், சுற்றி வரப் பழகிக்கொண்டார்கள். அதில் மணல் அள்ள யாருக்கும் கை வரவில்லை. மறுவருசம் ஒவ்வொரு ஊராரும் சொந்தக் கரையில் அள்ளி, திரும்பி வந்து சொந்தக் கரையிலேயே கொட்டினார்கள். நடுவில் கொட்ட முடியாததால் எல்லாப் படகும் முக்கி முனகிக்கொண்டு மெதுவாக வந்தன, பார்க்க வந்தவர்கள் அலுத்துப்போய்ப் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். ஊர் எதுவும் கரையவில்லை.

அந்தப் போட்டியில் களஞ்சியம் நாலாவதாக வந்தான். நாலாவதுக்கு நண்டுப்பாட்டில் பரிசும் கிடையாது, பட்டப்பெயரும் கிடையாது. அவன் மணலைக் கரையில் கொட்டினான், பாயைச் சுருட்டினான், எல்லாரும் கலைந்த பிறகு ஈரக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு எந்தப் பக்கத்துக் காற்று என்று பார்த்தபடி கொஞ்சநேரம் அங்கேயே நின்றான்.